பன்னிரண்டு மணி வெயிலில் ஏறும் வண்டி

மூன்றாவது முறையாகக் கலீபுல்லா பாயின் சிவப்பு கார் ஜீப்புக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுக்கப்பட்டு எங்கள் தெருவுக்குள் வந்தபோது நான் மொட்டை மாடியில் கூழ்வற்றல் பிழிந்துகொண்டிருந்தேன். கூழ்வற்றலைக் காலை ஏழு மணிக்குள் பிழிந்து முடிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பாய் வண்டியைக் கிளப்பியது பதினொன்றரைக்கு. எப்படியும் இரண்டு மணிக்குள் கயிற்றில் திரும்புவார் என்று தெருவே எதிர்பார்த்திருந்தது. தெருமுனையிலிருந்து அவர் வீட்டு வாசல் வரை மறைப்பில்லாமல் தெரிவது என் மாடியிலிருந்து மட்டும்தான். அதற்காக இரண்டு ஈடு மாவை ஒதுக்கி வைத்திருந்தது ஒரு குற்றமா?

ஜீப்பை ஓட்டி வந்தவன் மெக்கானிக் தங்கபாண்டி. முகம் தொங்கிப் போயிருந்தது. பின்னால் கயிற்றில் வந்த காரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பாய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், ஏதோ ஊர்வலத்தில் வருகிறவர் மாதிரி. பக்கத்தில் அவர் மனைவி நஜீமாக்கா, மடியில் காலித் தண்ணீர்க் கேனோடு. மேல்மூடி இல்லாத வண்டி என்பதால் இருவர் முகத்தையும் ஊரே பார்க்கலாம். முன்பக்கத்திலிருந்து இன்னும் லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. டீக்கடையிலிருந்து ஒருவன், "பாய், வெந்நி ரெடியா இருக்கா, தூள மட்டும் போட்டா போதுமா?" என்று கேட்டான். பாய் திரும்பவில்லை. டீக்கடை அவருக்கு இடது பக்கம்.

அந்த வண்டிக்கு வெளிநாட்டுப் பெயர் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் யார் வாயிலும் அது நிற்கவில்லை. நாங்கள் வைத்த பெயர் சோப்பு டப்பா. இரண்டு பேர்தான் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு மஞ்சப்பை வைத்தால் உண்டு. தரையிலிருந்து ஒரு சாண் உயரம். முப்பது வருடத்துக்கு முன் மூணாறுப் பக்கம் ஒரு எஸ்டேட் மேனேஜர் ஊருக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போனதை, ஏலக்காய் நல்ல விலைக்குப் போன வருடத்தில் பாய் வாங்கினார். அதுவும் லோடு லாரி ஒன்றின் முதுகில் ஏறித்தான் மலையிலிருந்து போடிக்கு இறங்கியது. அன்றிலிருந்து தேனிக்குப் போயிருக்கிறது, மதுரைக்குப் போயிருக்கிறது. மலையுச்சியில் இருக்கும் மேட்டுக்கு மட்டும் போனதில்லை. அடிவாரத்து முந்தல் தாண்டி ஏற்றம் பிடித்ததும் கொதிக்க ஆரம்பித்துவிடும். நாற்பது வருடமாக ஏலக்காய் வாங்க மலைக்குப் போகிற மனிதர் பாய். அத்தனை தடவையும் அடுத்தவர் ஜீப்பில் மூட்டைக்கு நடுவே குந்தித்தான் போயிருக்கிறார். சொந்த வண்டியில் பதினேழு வளைவையும் ஏற வேண்டும் என்பது அவருக்கு ஒரு நப்பாசை. நாங்கள் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

இந்த வருடம் பங்குனி பிறந்ததும் பாய்க்கு அந்தக் கிறுக்கு முற்றிவிட்டது. தங்கபாண்டியைக் கூப்பிட்டு, என்ன வேண்டுமானாலும் செய், ஏற வை என்று சொல்லிவிட்டார். தங்கபாண்டியும் லேசுப்பட்டவன் இல்லை. மலைக்குப் போகும் ஜீப்புகளில் பாதி அவன் கை பட்டதுதான். பழைய ரேடியேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, கோயம்புத்தூரில் சொல்லி அலுமினியத்தில் இன்னும் கனமானது ஒன்று செய்து வாங்கினான். கரண்டில் ஓடும் பேன் ஒன்றைப் பொருத்தினான். ரப்பர் குழாய் எல்லாவற்றையும் மாற்றினான். வெறும் தண்ணீரை வடித்துவிட்டுப் பச்சை நிறத்தில் கூலன்ட் ஊற்றினான். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பாய் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில்தான் வேலை நடந்தது. ஒரு தெருக்காரிக்குக் கண் இருந்தால் போதும்.

அதற்குமேல் அவன் செய்ததுதான் போடிக்காரன் வேலை. மலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். சூடு வெளியே போகட்டும் என்று பானெட்டைத் தூக்கி, ஒரு குச்சியை முட்டுக் கொடுத்துக்கொண்டுதான் ஏறும். சூடா, திற, இன்னும் சூடா, இன்னும் திற. தங்கபாண்டி தொழில் பழகிய சாத்திரம் அது. சோப்பு டப்பாவின் முன்வாயை மிஷின் வைத்து ஒரு முழத்துக்கு அகலமாக்கினான். பக்கத் தகட்டில் ஓட்டை போட்டான். பானெட்டுக்குக் குச்சி வைத்தான். பார்க்க, பல் டாக்டரிடம் உட்கார்ந்திருக்கிறவனைப் போல ஆகிவிட்டது வண்டி. அப்படியும் ஆறாவது வளைவில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது.

"எல்லாத்தையும் தொறந்துதான பாய் விட்ருக்கேன்" என்றான் அன்று கயிற்றை அவிழ்த்தபடி. "இதுக்கு மேல தொறக்கணும்னா எஞ்சினக் கழட்டி மடியில வச்சுக்கிட்டுத்தான் போகணும்."

"வச்சுக்கிறணும்னா சொல்லு, வச்சுக்கிறேன்" என்றார் பாய்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூழ்வற்றல் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு நஜீமாக்காவிடம் போனேன். "ஏன்க்கா, காலைல ஆறு மணிக்குக் கெளம்புனா வெயிலும் இல்ல, வண்டியும் தன்னால ஏறிரும்ல? ஊரு ஒறங்குற உச்சி வெயில்ல எதுக்குப் போகணும்?"

நஜீமாக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அவருக்கு வெயில் வேணுமாம் சுந்தரம்" என்றாள். அவ்வளவுதான்.

பாய்க்கு வெயில் வேண்டுமாம். இதை நான் மூன்று தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நன்றாகவே விலை போயிற்று. போன தை மாதம் இதேபோல இன்னொன்றையும் சேர்த்திருந்தேன்: பாய்க்கு வர வர மண்டைக்கனம் ஏறிவிட்டது, எதிரே வருகிறவன் சலாம் சொன்னால்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று. என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் பாதிப் பேருக்கு வணக்கம் சொல்கிறவர். அவருக்கே இரண்டு முறை அப்படி ஆயிற்று.

நாலைந்து நாள் கழித்து மருந்துக்கடையில் எனக்கு வாயுமாத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ஒரு சின்னக் கண்சொட்டு பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி, "பாய் வீட்டுக்குத்தான போறீக, இதக் குடுத்துருங்க. தீந்துபோனா ஒரு நாள்கூட விடக்கூடாது" என்றார். யாருக்குக் கண்ணில் என்ன என்று கேட்டேன். கேட்காமல் எப்படி இருப்பது? அவர் சொல்லவில்லை. சொல்லாத விதத்திலேயே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போது ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. டீக்கடை இடது பக்கம். என் வீட்டுக்காரர் வணக்கம் சொன்ன இரண்டு தடவையும் பாய்க்கு இடது பக்கம். பாய் வெயில் இருக்கும்போதே வரும் அஸ்ர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போகும்போது தனியாகப் போவார். பொழுது சாய்ந்ததும் மக்ரிபுக்குப் போகும்போது மட்டும் யாராவது கூடப் போவார்கள்.

நஜீமாக்கா பாட்டிலை வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு அவளாகவே சொன்னாள். கண் நரம்பு வாடுகிறதாம். நேரே பார்த்தால் தெரியும், ஓரம் போய்விட்டது, அதிலும் இடது ஓரம் சுத்தமாக. வெளிச்சம் குறைந்தால் நேரே இருப்பதும் மங்கல். வெயில் நேரத்தில், பக்கத்தில் ஆளோடு, கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆடி மாதம் மறுபடி சோதிப்பார். "ஆடியோட சாவிய எங்கிட்டக் குடுத்துரணும். அதுக்குள்ள ஒரே ஒரு தடவ, தன் கையால மேட்டுல கொண்டுபோய் நிறுத்தணும்ங்கிறார். காலைல வண்டி ஏறும், அவருக்குக் கண்ணு ஏறாது. மத்தியானம் அவருக்குக் கண்ணு ஏறும், வண்டி ஏறாது. நான் யார்ட்டப் போயிச் சொல்ல?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சேதி என் வயிற்றிலேயே தங்கியது. என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவருக்குக் காது மந்தம், அது கணக்கில் வராது.

என் வீட்டுப் பின்கட்டில் பாண்டியம்மாள் என்று ஒருத்தி குடியிருக்கிறாள். குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் ஸ்டோருக்குத் தீப்போடுகிறவள். ஸ்டோர் என்றால் பச்சைக் காயை உலர்த்தும் கட்டடம். காய் இல்லாத கோடையில் மட்டும் கீழே வந்து, பாய் கடையில் காய் தரம் பிரித்துக்கொண்டு இருப்பாள். வாய் திறந்து பேசுவது வாரத்துக்கு ஒரு தடவை. எனக்கு நேர் எதிர். அன்று வியாழக்கிழமை. சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. தங்கபாண்டி வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். பக்கத்தில் பாய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து வந்த பாண்டியம்மாள், அந்தப் பிளந்த வாய்க்கு முன்னால் குனிந்து நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டு வாயத் தொறந்து வச்சிருக்கீகளே, உள்ள வந்த காத்து எங்க போகுது?"

தங்கபாண்டி தலையை மட்டும் வெளியே நீட்டினான். "எங்க போகும்? ரேடியேட்டருக்குள்ளதான் போகும்."

"போகுதான்னு பாத்தீகளா?"

"காத்த எப்படிக்கா பாக்குறது?"

"ஸ்டோர்ல தட்டுக்கும் செவுத்துக்கும் ஊடால நாலு விரக்கடை சந்து கெடந்தா, விடிய விடியத் தீப்போட்டாலும் நடுத்தட்டுக் காய் பச்சையாத்தான் கெடக்கும். காத்து சோம்பேறி. சந்து வழியாப் போகலாம்னு இருக்கும்போது காய்க்குள்ள எதுக்கு நொழையப் போகுது? இருவத்தாறு வருசமா நான் சந்தடைச்சுத்தான் காய் காயவச்சிருக்கேன்."

"யக்கா, அது சூடேத்துறது, இது சூடாத்துறது. அதும் இதும் ஒண்ணா?"

"அது காத்துக்குத் தெரியுமா?" என்றாள் பாண்டியம்மாள்.

பாய் சிரித்தார். இந்த ஒரு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. வியாழன் பொழுது சாய்ந்தாலே அவர்களுக்கு வெள்ளி இரவு; உள்ளே நஜீமாக்கா அதற்காகச் சாம்பிராணி போடத் தணல் அள்ளிக்கொண்டிருந்தாள். பாண்டியம்மாள் போய் அந்தத் தூபக்காலைக் கேட்டு வாங்கிவந்தாள். பேனைப் போடச் சொன்னாள். ஒரு கை சாம்பிராணியைத் தணலில் போட்டு, வண்டியின் வாய்க்கு நேரே பிடித்தாள்.

அன்று நான் பார்த்ததை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், ஒருவருக்கும் சரியாக விளங்கவில்லை. வெள்ளைப் புகை திரளாக உள்ளே போயிற்று. ரேடியேட்டர் முன்னால் போய் நின்றது, யோசிக்கிறாற்போல. அப்புறம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு நூல் அளவுதான் ரேடியேட்டருக்குள் நுழைந்தது. மிச்சமெல்லாம் தங்கபாண்டி வெட்டிய வெட்டில் இரண்டு பக்கமும் விட்டுப்போன சந்தில் வழுக்கி, சுற்றிக்கொண்டு, குச்சி வைத்துத் தூக்கிய பானெட் வழியாக ஜம்மென்று மேலே போயிற்று. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, இத்தனை நாள் எல்லோரையும் ஏய்த்த ஒன்று, நாங்கள் பார்க்க, வேப்பமரக் கிளைக்குள் ஏறிக் கலைந்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். தங்கபாண்டி எழுந்து வந்து, தான் வெட்டிய இடத்தில் விரலை விட்டுப் பார்த்தான். நாலு விரல் சரியாக நுழைந்தது.

அன்றைக்கே வேலை ஆரம்பமாயிற்று. எண்ணெய் டின்னை வெட்டி விரித்துப் பக்கச் சந்தையெல்லாம் தங்கபாண்டி தகடு வைத்து அடைத்தான். தகட்டுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே பாண்டியம்மாள் சாக்கை மடித்துத் திணித்தாள். பேனைச் சுற்றித் தகட்டில் ஒரு வளையம் செய்தார்கள், பேன் இழுப்பதெல்லாம் ரேடியேட்டர் வழியாகவே வரும்படி. பக்கத் தகட்டு ஓட்டைகளையும் மூடினார்கள். கடைசியில் அவள் குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பானெட்டை இழுத்து மூடினாள். தங்கபாண்டிக்கு அது பொறுக்கவில்லை. "பானெட்ட மூடிக்கிட்டு மேட்டுக்குப் போறவன் ஊர்ல எவனும் இல்லக்கா" என்றான், பிள்ளையைக் கிணற்றில் தள்ளச் சொன்ன மாதிரி.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். பின்னால் தங்கபாண்டியின் ஜீப். அதில் தண்ணீர்க் கேன் ஆறு, பாண்டியம்மாள், நான். கேனைத் தூக்கிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டாமா என்று சொல்லி ஏறிக்கொண்டேன். என் கையில் மூட்டுவலி என்பது தெருவுக்கே தெரியும். யாரும் இறக்கிவிடவில்லை.

முந்தல் தாண்டியதும் மலை முகத்துக்கு நேரே எழுந்து நின்றது. வெயில் பாறையில் பட்டுத் தகித்தது. முன்னால் அந்தச் சின்னச் சிவப்பு வண்டி பானெட்டை இறுக மூடிக்கொண்டு ஏறியது. பாயின் தலை அசையவில்லை. அவருடைய இடது கண் நஜீமாக்காவின் வாயில் இருந்தது. வளைவுகளில் ஜீப் நெருங்கும்போது அவள் குரல் கேட்டது, வீட்டுச் சாமான் எண்ணுகிற குரலில்: "கல்லு... வாய்க்கா... பாறை... இன்னும் பாறை... பாறை முடிஞ்சிருச்சு, ஒடிங்க." ஒவ்வொரு வளைவு முடிந்ததும் இடது கையைத் தூக்கி ஆட்டுவாள். முள் நடுவில் நிற்கிறது என்று அர்த்தம். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது வளைவு வந்தபோது தங்கபாண்டி மூச்சு விடவில்லை. போன தடவைகளில் கொட்டிய கூலன்ட் கறை தார் ரோட்டில் அப்படியே இருந்தது. வண்டி அதன்மேல் ஏறித் திரும்பியது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தக் கை மேலே வந்தது.

"ஏய், நடுவுல நிக்குதுய்யா" என்றான் தங்கபாண்டி, தனக்குத்தானே. பத்தாவது வளைவில் அவன் அழுதுகொண்டிருந்தான் என்று நான் சொன்னால் அவன் இல்லை என்பான். நான் பக்கத்தில் இருந்தேன். கீழே போடி ஒரு கை அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. இந்த மலையில் ஐம்பது வருடமாக ஏறி இறங்குகிறேன். இத்தனை பெரியது என்று அன்றுதான் தெரிந்தது. பானெட் மூடிய ஒரு சோப்பு டப்பாவை அதற்கு நேரே வைத்துப் பார்த்ததால் இருக்கலாம்.

பதினான்காவது வளைவில் காற்று மாறியது. மேலே பார்த்த பாண்டியம்மாள், "இறங்குது" என்றாள். கேரளாப் பக்கமிருந்து கோடை மேகம் முகடு தாண்டி, பால் பொங்கி வழிகிற மாதிரி சரிவில் இறங்கியது. பதினைந்தாவது வளைவு முடியும்போது வெயில் அணைந்துவிட்டது. பத்தடிக்கு அப்பால் ரோடு இல்லை. முன்னால் வண்டி நின்றது.

தங்கபாண்டி இறங்கி ஓடினான். நானும் ஓடினேன். முள் நடுவில் நின்றது. எஞ்சின் பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. பாய் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்குங்க பாய், நான் ஓட்டுறேன். ரெண்டே வளைவு."

பாயின் பிடி தளரவில்லை. அவர் முகத்தை அந்த நிலையில் நான் பார்த்திருக்கக் கூடாது. முதல் தடவையாக ஒரு இடத்தில் நின்றதற்காக வெட்கப்பட்டேன்.

நஜீமாக்காதான் கேட்டாள். "நேரா எதாச்சும் நின்னாத் தெரியுமா ஒங்களுக்கு?"

"கிட்டக்க நின்னாத் தெரியும்."

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். கறுப்புப் பர்தாவைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய், ஐந்தடி தள்ளி, முதுகைக் காட்டி நின்றாள். "எம் பின்னாடியே வாங்க. நான் நின்னா நில்லுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தங்கபாண்டி ஜீப்பைப் பின்னால் குறுக்கே வைத்து, மினுக்கும் விளக்கைப் போட்டான். "நடக்குற வேகத்துல ஏறுனா காத்தே அடிக்காதுக்கா" என்றான் பாண்டியம்மாளிடம், குரல் இறங்கி. "பேன் இழுக்குறதுதான் காத்து. நீங்க சந்தடைச்சது நிக்குதா இல்லையான்னு இப்பத்தான் தெரியும்." பாண்டியம்மாள் வண்டிக்குப் பக்கத்திலேயே நடக்க ஆரம்பித்தாள், பானெட்மேல் உள்ளங்கையை வைத்தபடி, காய்ச்சல் பார்க்கிற மாதிரி. நானும் நடந்தேன். மூட்டுவலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பதினாறாவது வளைவில், தடுப்புச் சுவரில் ஏழெட்டு எஸ்டேட் பெண்கள் பஸ்சுக்காக உட்கார்ந்திருந்தார்கள். தலையில் துண்டு, இடுப்பில் காலித் தூக்குச் சட்டி. மேகத்துக்குள்ளிருந்து முதலில் கறுப்பாக ஒரு பெண், அவளுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு வண்டி. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு, "எந்த ஊரு மாப்ள அழைப்பு இது?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"அவருக்கு எடது ஓரம் தெரியாதும்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மேற்கொண்டு சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது.

சிரிப்பு நின்றது. மாப்பிள்ளை அழைப்பா என்று கேட்டவள் எழுந்து துண்டை உதறிக் கட்டிக்கொண்டு, வண்டிக்கு இடது பக்கம் போய் ரோட்டின் விளிம்பில் நடந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். அப்புறம் எல்லோரும். பள்ளம் இருந்த பக்கம் முழுக்க ஒரு வரிசை. முன்னால் போனவள், "பஸ்சு போயிருச்சுன்னா நீங்கதான் எங்கள ஏத்திக்கிட்டுப் போகணும் பாய்" என்றாள்.

"ரெண்டு பேருக்குத்தான் எடம்" என்றார் பாய், நேரே பார்த்தபடி.

பேன் சுற்றும் சத்தம் கேட்டது. முன்பக்கத்திலிருந்து ஒரு இழை ஆவிகூட வரவில்லை. பாண்டியம்மாள் பானெட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. வளைவின் நடுவில், ரோடு ஆகாயத்தைப் பார்த்துத் திரும்பும் இடத்தில், நஜீமாக்கா ஒரு நொடி நின்றாள். எல்லோரும் நின்றோம். அவள் காலால் தரையைத் தடவி, ரோடு எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்தாள். பிறகு திரும்பாமலே வலது கையை நீட்டி அந்தப் பக்கத்தைக் காட்டினாள். மேகம் அவளைத் தோள்வரை விழுங்கியிருந்தது. கை மட்டும் தெரிந்தது. பாய் அந்தக் கையை நோக்கி ஸ்டியரிங்கை ஒடித்தார்.